எச்.ஐ.வி.யும் முதுமையும்



எமது மருத்துவப் பகுதியில் இதுவரை நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, பிள்ளைகளின் தடுப்பூசி என்று பலவற்றைப் பற்றி எழுதியிருக்கிறோம். எயிட்ஸ் பற்றி எழுதுங்கள் என்று வாசகர் எவரும் இதுவரை கேட்டதில்லை. நாமும் எழுதவில்லை. இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம் இரண்டு மருந்துச்சீட்டுகள்.

சில காலத்துக்கு முன் எமது சங்கத்துக்கு ஒரு படிவம் நிரப்புவதற்காக அறுபது வயது கடந்த ஒருவர் வந்திருந்தார். (அவரது சம்மதத்துடன் எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) தற்போது எடுக்கும் மருந்துகள் என்ன என்று படிவத்தில் கேட்கப்பட்டிருந்தது. அவர் தனது பையில் இருந்து ஒரு மருந்துச்சீட்டை எடுத்துத் தந்தார். நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் உரிய குளிசைகள் அதில் இருந்தன. எழுதி முடிந்தபின், எல்லோரும் போகும்வரை இருந்துவிட்டு, இரண்டாவது சீட்டைக் காட்டினார். அது வேறொரு வைத்தியசாலையின் தொற்றுநோய்ப் பிரிவில் கொடுக்கப்பட்டது. இருபது வருடத்துக்கு மேலாக எச்.ஐ.வி.க்கு மருந்து எடுத்து வருகிறார். லாச்சப்பலில் எந்தப் பார்மசிக்குப் போனாலும் தெரிந்த முகம் இருக்கும் என்பதால், ஒவ்வொரு மாதமும் மெட்ரோவில் நகரின் மறுபக்கம் போய் அந்தக் குளிசைகளை வாங்கி வருகிறார். மனைவிக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. நீரிழிவு பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது.

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியாமல் சமாளிச்சிட்டன். இனி ஞாபகமறதி வந்தால் ஆர் எனக்குக் குளிசை எடுத்துத் தாறது?" என்று கேட்டார்.

எமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவரது கேள்வியை வைத்துக்கொண்டே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

சென்னையில் ஒரு வைத்தியர்

எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நாம் வாழும் இதே பாரிஸ் நகரில். 1983 ஆம் ஆண்டு பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தானியே ஆகியோரும் அவர்களது குழுவினரும் அதைக் கண்டறிந்தார்கள். அதற்காக அவ்விருவருக்கும் 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. இது பலருக்குத் தெரியும். ஆனால் தமிழர் மத்தியில் இந்த நோயை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர்கள் இரண்டு பெண்கள் என்பது அவ்வளவாக எவருக்கும் தெரியாது.

வைத்தியர் சுனிதி சொலமன் சென்னையில் ஒரு மராத்திய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, வெளிநாடுகளில் பயிற்சி பெற்று, 1973 இல் கணவருடன் சென்னைக்குத் திரும்பினார். கணவர் இருதய சத்திரசிகிச்சை நிபுணர். சுனிதி தாம் படித்த அதே கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தார்.

1985 அளவில் எயிட்ஸ் என்பது மேல்நாட்டு நோய், எங்கள் கலாசாரத்தில் அது வராது என்றுதான் இந்தியாவில் பேச்சு. (இன்றும் இங்கு சிலர் அப்படிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.) சுனிதி தனது மாணவியான நிர்மலா செல்லப்பனிடம், ஆய்வுக் கட்டுரைக்காக எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சென்னையில் தேடிப் பார்க்கும்படி சொன்னார். நிர்மலா தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். பாலியல் தொழிலில் அகப்பட்டுத் தடுப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் இரத்தம் எடுத்தார். அவரது கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு உதவினார். கையுறைகூட இல்லாமல் வேலை செய்த காலம் அது. எடுத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார்கள். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் 1986 பெப்ரவரியில் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பதாகக் காட்டியது. திரும்பவும் இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். அந்த வருடம் மே மாதம் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் சட்டசபையில் இதை அறிவித்தார்.

நிர்மலா தனது ஆய்வை முடித்து வேறு பணிக்குப் போய்விட்டார். சுனிதியால் அப்படிப் போக முடியவில்லை. கணவர் முதலில் இந்த வேலையை விரும்பவில்லை என்றும், அந்த நோயாளிகளின் கதையைக் கேட்டால் நீங்களும் என்னைத் தடுக்கமாட்டீர்கள் என்று தாம் பதில் சொன்னதாகவும் சுனிதி பின்னாளில் கூறியிருக்கிறார். அரச வேலையை விட்டு, தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கெயர் என்ற நிலையத்தை 1993 இல் தொடங்கினார். மற்ற வைத்தியசாலைகள் தொடவே மறுத்த நோயாளிகள் அங்கே வந்தார்கள். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்வதையும், வீட்டாரில் ஒருவரையாவது சேர்த்துக்கொள்வதையும் அவர் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்.

அவர்களிடம் வந்த பெண்கள் யார் என்று பாருங்கள். சிகிச்சைக்கு வந்த 134 பெண்களின் பதிவுகளை அந்தக் குழுவினர் ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவர்களில் 88 வீதமானோர் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆணுடன் மட்டும் வாழ்ந்தவர்கள். பெரும்பாலானோருக்கு இருந்த ஒரே ஆபத்து, கணவனைத் திருமணம் செய்ததுதான். நடத்தை கெட்டவர்களுக்கு வரும் நோய் என்று எமது ஆட்கள் சொல்லும்போது இந்த எண் எமக்கு நினைவுக்கு வருகிறது.

சுனிதி செய்த இன்னொரு காரியம் வெளிநாட்டவருக்கு வியப்பாக இருந்தது. எமக்கு அது அவ்வளவு வியப்பில்லை. எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவர் கல்யாணம் பேசி வைத்தார். வீட்டில் திருமணம் செய் என்று நெருக்குகிறார்கள், காரணம் சொல்ல முடியவில்லை, வேறொருவருக்குத் துரோகம் செய்யவும் மனமில்லை என்று அவரிடம் வந்து அழுதவர்களுக்கு, அதே நிலையில் உள்ள துணையைத் தேடிக் கொடுத்தார். சாதி, மொழி, படிப்பு எல்லாம் கேட்பார்களாம். கூடவே இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பொருத்தம் பார்ப்பார்களாம். இதை வைத்து "லவ்சிக்" என்ற ஆவணப்படமும் 2017 இல் வந்தது. சுனிதி 2015 ஜூலை 28 இல் சென்னையில் காலமானார். 2017 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சாவைக் கணக்கெடுத்தவர்கள்

அந்த நிலையத்தில் நீண்டகாலம் பணியாற்றிய வைத்தியர் என். குமாரசாமி, சுனிதி ஆகியோர் ஆராய்ச்சியையும் விடவில்லை. மேல்நாட்டு ஆய்வுகள் மேல்நாட்டு உடம்புகளைப் பற்றியவை, எமது ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்பதை நாமே எழுதி வைக்கவேண்டும் என்பது அவர்கள் வழி. 594 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2003 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், நோய் கண்டறியப்பட்டதில் இருந்து உயிரோடு இருந்த காலம் சராசரி 92 மாதங்கள் என்று காண்கிறோம். அதாவது எட்டு வருடத்துக்கும் குறைவு. காசநோய்தான் பெரும்பாலானோரை வாட்டியது. முப்பது வயதில் நோய் தெரிந்தால் நாற்பதைக் காண்பது கடினம். முதுமை பற்றிய பேச்சே அங்கு இல்லை.

பிறகு நிலைமை மாறியது. ஆரம்பத்தில் மேல்நாடுகளில் ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விலை போன மருந்துகளை, 2001 இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் வருடத்துக்கு 350 டொலருக்குக் கொடுக்க முன்வந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. சென்னை தாம்பரம் அரச நெஞ்சுநோய் வைத்தியசாலை அப்படிக் கொடுத்த முதல் இடங்களில் ஒன்று. இலங்கையிலும் அதே ஆண்டளவில் இலவச மருந்து கிடைக்கத் தொடங்கியது.

சென்னைக் குழுவின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது 2011 இல். ஒன்பது நாடுகளில், ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 1763 தம்பதியரை வைத்து எச்.பி.ரி.என். 052 என்ற பெரிய ஆய்வு நடந்தது. சென்னை நிலையமும் அதில் பங்கேற்றது. காலதாமதம் இல்லாமல் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றும் ஆபத்து 96 வீதம் குறைகிறது என்று அது காட்டியது. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்கின. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத மட்டத்துக்குக் குறைந்தவரிடம் இருந்து உடலுறவு மூலம் தொற்றுவதில்லை. ஒரே கோப்பையில் குடிப்பது, ஒரே கழிப்பறை, கட்டிப்பிடிப்பது, நுளம்புக் கடி போன்றவற்றால் அது எந்தக் காலத்திலும் தொற்றியதில்லை. இதைப் பல தடவை எழுதினாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் சிலர் இடம் மாறி உட்காருகிறார்கள் என்பதால் திரும்பவும் எழுதுகிறோம்.

நேரத்துக்குக் கண்டுபிடித்து மருந்து எடுப்பவர் இப்போது ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே வாழ்நாளை எதிர்பார்க்கலாம். பிரான்சில் சுமார் இரண்டு இலட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஒரு காலத்தில் எத்தனை மாதம் உயிரோடு இருப்பார் என்று கணக்கிட்ட வைத்தியர்கள், இன்று அதே ஆட்களின் இருதயம், எலும்பு, சிறுநீரகம், ஞாபகசக்தி பற்றி ஆராய்கிறார்கள்.

வயது போகும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

கிருமி அடங்கியிருந்தாலும் முற்றாக ஒழிவதில்லை. உடம்பின் சில கலங்களுக்குள் அது உறங்கிக்கொண்டிருக்கும். தொற்றிய ஆரம்ப நாட்களிலேயே குடலின் பாதுகாப்புக் கலங்களை அது பெருமளவில் அழித்துவிடுகிறது. இதனால் நோயெதிர்ப்புத் தொகுதி ஓய்வில்லாமல் விழித்தபடி இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் தணல் கிடப்பதுபோல, சிறிய அழற்சி ஒன்று வருடக்கணக்காகத் தொடர்கிறது. இரத்தக்குழாய்கள் இதனால் வேகமாகப் பழுதடைகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதோடு பழைய மருந்துகளின் மிச்சமும் சேர்கிறது. 2000 ஆம் ஆண்டளவில் பரவலாகக் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்து உயிரைக் காப்பாற்றியது. ஆனால் கன்னம் ஒட்டிப்போகும், கைகால் மெலிந்து வயிறு பருக்கும், பாதம் எரியும். முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் ஊகித்துவிடுவார்கள் என்று பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடும்படி 2009 இல் கூறியது. இன்று அது பாவனையில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அதை எடுத்தவரின் பாதத்தில் எரிவு இன்றும் இருக்கக்கூடும். அதை நீரிழிவு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பழைய ரெனொபோவிர் வகைக் குளிசையை நீண்டகாலம் எடுத்தவர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் அவ்வப்போது பார்க்கவேண்டும்.

எமது ஆட்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை இருக்கிறது. தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் ஐரோப்பியர்களைவிட இளம் வயதிலேயே, அவ்வளவு பருமன் இல்லாதபோதும் வருகின்றன. அதற்கு மேல் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்க ரிப்ரீவ் என்ற ஆய்வு நடந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையான 7769 பேர் அதில் சேர்ந்தார்கள். கொழுப்பு அவ்வளவு கூடாதவர்களுக்கும் ஸ்டாட்டின் வகைக் குளிசை ஒன்று கொடுத்துப் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 வீதம் குறைந்தன. 2023 இல் முடிவு வெளியானது. ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர் நாற்பதைக் கடந்தால், கொழுப்புச் சோதனை நல்லாயிருக்கு என்று விட்டுவிடாமல், ஸ்டாட்டின் எனக்குத் தேவையா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும். புகைத்தலை விடுவது எந்தக் குளிசையையும்விடப் பயன் தரும். அதை எழுதிக் களைத்துவிட்டோம்.

பிரான்சில் எழுபது வயது கடந்த, எச்.ஐ.வி. உள்ள 500 பேருக்கு மேற்பட்டவர்களிடம் செப்டாவி என்ற ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் உடல் தளர்ந்து, சிறு நோய் வந்தாலும் தாங்கமுடியாத நிலையில் இருந்தார். யார் தளர்ந்தார்கள் என்று பார்த்தால், வயது மிகவும் முதிர்ந்தவர்களும் பல நோய் உள்ளவர்களும் மட்டுமல்ல, வறுமையில் வாழ்பவர்களும்தான். சமையலறையில் பாத்திரம் கழுவி, இரவில் அலுவலகம் துடைத்து, ஒரு அறைக்குள் நாலு பேர் படுத்து முப்பது வருடம் உழைத்த ஒருவரின் உடம்பு எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குளிசைக்கும் குளிசைக்கும் இடையில்

இனி அந்த இரண்டு மருந்துச்சீட்டுகளுக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

நீரிழிவுக்கு எமது ஆட்கள் அதிகம் எடுக்கும் குளிசை மெற்போமின். எச்.ஐ.வி.க்கு இன்று உலகெங்கும் அதிகம் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று டொலுடெக்ராவிர். இரண்டும் நல்ல மருந்துகள். ஆனால் இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது இரத்தத்தில் மெற்போமினின் அளவு ஏறத்தாழ 80 வீதம் கூடுகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாத வயதானவருக்கு இது ஆபத்தாகலாம். வைத்தியருக்குத் தெரிந்தால் மெற்போமினின் அளவைக் குறைத்துவிடுவார். தெரியாவிட்டால், சீனி இறங்கவில்லை என்று இன்னும் கூட்டிவிடவும் கூடும். எம்மிடம் வந்தவரின் இரண்டு சீட்டுகளிலும் இருந்தவை இவை இரண்டும்தான்.

எலும்புக்கு என்று எடுக்கும் கல்சியம், இரும்புக் குளிசை, நெஞ்செரிவுக்கு மென்று தின்னும் குளிசைகள் ஆகியன டொலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எச்.ஐ.வி. மருந்தை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ எடுக்கவேண்டும். ரில்பிவிரின் எடுப்பவர்கள் ஒமெப்ரசோல் எடுக்கவே கூடாது. ரிட்டொனாவிர் அல்லது கொபிசிஸ்டாட் சேர்ந்த மருந்து எடுப்பவருக்கு முழங்காலிலோ முதுகிலோ போடும் கோர்ட்டிசோன் ஊசியும், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சில மருந்துகளும் உடம்பில் தேங்கி, முகம் ஊதி, சீனி ஏறி, பெரிய சிக்கலைக் கொண்டுவரும். முழங்கால் வலிக்கு ஊசி போடும் வைத்தியருக்கு நீங்கள் சொல்லாமல் இது தெரியப்போவதில்லை. ஊரில் இருந்து வரும் லேகியம், சூரணம் போன்றவற்றையும் தொற்றுநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்தக் குளிசையையும் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு நீங்களாக நிறுத்தவேண்டாம். எச்.ஐ.வி. மருந்தை இடையில் விட்டால் கிருமி மீண்டும் பெருகும்.

ஆருக்குச் சொல்வது?

இளம் வயதில் இரகசியமே இவர்களைக் காப்பாற்றியது. அறை கிடைத்தது, வேலை கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்தது. எமது சமூகம் எப்படிப் பேசும் என்று தெரிந்ததால்தான் மறைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு உரிமை இல்லை. ஆனால் வயது போனபின் அதே இரகசியம்தான் ஆபத்தாகிறது. வீட்டுக்குத் தாதி வந்து குளிசைப் பெட்டி நிரப்பும் நாள் வரும். மயங்கி விழுந்து அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனால், என்ன மருந்து எடுக்கிறார் என்று மகளிடம்தான் கேட்பார்கள். அன்றைக்கு மகளுக்குத் தெரியாது.

எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. வைத்தியர்களுக்குச் சொல்லவேண்டும். பிரான்சில் வைத்திய இரகசியம் சட்டத்தால் காக்கப்படுகிறது. உங்கள் அனுமதி இல்லாமல் வைத்தியரோ மருந்தாளரோ உங்கள் துணைக்கோ பிள்ளைக்கோ முதலாளிக்கோ சொல்லமுடியாது. குடும்ப வைத்தியர் தமிழராக இருந்தாலும் அவருக்கும் அதே சட்டம்தான்.

குடும்பத்தில் ஒருவருக்காவது சொல்வது நல்லது. 2002 மார்ச் 4 ஆம் திகதிச் சட்டப்படி ஒவ்வொரு நோயாளியும் நம்பிக்கைக்குரிய ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். நீங்கள் பேசமுடியாத நிலையில் இருக்கும்போது வைத்தியர்கள் அவரிடம்தான் உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள். அவர் உறவினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நண்பராகவும் இருக்கலாம், குடும்ப வைத்தியராகவும் இருக்கலாம். வைத்தியசாலையில் சேரும்போது இதற்கான படிவம் தருவார்கள். பலர் வாசிக்காமலே மூத்த மகனின் பெயரை எழுதிவிடுகிறார்கள். உங்கள் நோய் தெரிந்த ஒருவரின் பெயரை எழுதுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிப்போவதைப் பற்றியும் ஒரு சொல். பத்து வயதுப் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் உண்மையைச் சொல்வார்? வைத்தியசாலைகள் தொலைபேசி வழியாகத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட முடியும். தமிழிலும் கிடைக்கும். அவர் உங்களைப் பார்க்கமாட்டார், உங்கள் பெயரும் அவருக்குத் தேவையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் பொறுப்பு. கேட்காவிட்டால் பெரும்பாலும் அவர்களாகக் கூப்பிடமாட்டார்கள்.

ஐம்பதுக்குப் பிறகும் பரிசோதனை

இதுவரை நோய் இருப்பது தெரிந்தவர்களைப் பற்றி எழுதினோம். தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பிரான்சில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவர். நாற்பது வீதத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. வயதானவர்களுக்கு இன்னும் பிந்துகிறது. பேரப்பிள்ளை உள்ள ஐயாவிடமோ அம்மாவிடமோ எச்.ஐ.வி. சோதிப்போமா என்று கேட்க வைத்தியருக்கே கூச்சம். காரணமில்லாமல் மெலிதல், திரும்பத் திரும்ப நிமோனியா, அக்கி, வாயில் வெள்ளை படிதல், நிற்காத வயிற்றோட்டம் இவற்றில் ஏதும் இருந்தால் நீங்களே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். பாரிஸ் பிராந்தியத்தில் 2012-2013 இல் ஆபிரிக்கக் குடியேறிகளிடம் நடந்த பார்கூர் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவருக்கு, ஒருவேளை அரைவாசிப் பேருக்கு, இங்கே வந்த பிறகே தொற்றியது என்று தெரியவந்தது. நிலையான இருப்பிடமும் விசாவும் இல்லாமல் அலைந்த வருடங்களில்தான் ஆபத்து அதிகம் இருந்தது. ஆய்வு எம்மைப் பற்றியதல்ல. ஆனால் அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்பது எமக்கும் தெரியும்.

2022 ஜனவரி முதல் எந்த லாபோவிலும் மருந்துச்சீட்டு இல்லாமலே எச்.ஐ.வி. சோதனை செய்யலாம். சமூகக் காப்புறுதி முழுச் செலவையும் ஏற்கும். பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்களுக்கு செஜிட் என்ற இலவசப் பரிசோதனை நிலையங்கள் உண்டு. வீட்டிலேயே சோதிக்கும் பெட்டி 2015 முதல் பார்மசிகளில் விற்கப்படுகிறது. நோய் இருப்பது தெரிந்தால் சிகிச்சை 100 வீதம் காப்புறுதியில் அடங்கும். விசா இல்லாதவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் இங்கு இருந்தால் அரச மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். குடியேறிகளின் சுகாதார உரிமைகள் பற்றி ஆலோசனை தேவையானவர்கள், 1979 முதல் இயங்கும் கொமெட் அமைப்பை கிரெம்லன்-பிசெத்ர் வைத்தியசாலையில் அணுகலாம்.

எமக்கு அருகில் லரிபுவாசியேர் வைத்தியசாலையும், 18 ஆம் வட்டாரத்தில் பிஷா வைத்தியசாலையும், பொபினியில் அவிசென் வைத்தியசாலையும் இருக்கின்றன. மூன்றிலும் தொற்றுநோய்ப் பிரிவு உண்டு. ஞாபகமறதி பற்றிய கவலை உள்ளவர்கள், கடைத்தெருவில் நாம் தினமும் கடந்துபோகும் பெர்னோன்-விடால் வைத்தியசாலையை மறந்துவிடவேண்டாம். போபூர் சன்-தெனி வீதியில் 200 ஆம் இலக்கம். அங்கு முதியோருக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

எம்மிடம் வந்தவர் தனது இரண்டு சீட்டுகளையும் நீரிழிவு வைத்தியரிடம் காட்டினார். மெற்போமின் குறைக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. நம்பிக்கைக்குரியவர் படிவத்தில் இப்போதைக்கு மனைவியின் பெயரை எழுதியிருக்கிறார். மனைவிக்கும் அறுபத்தைந்து வயதாகிறது, அவவுக்குப் பிறகு ஆர் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

இந்த விடயம் பற்றிப் பெயர் சொல்லாமல் பேச விரும்புவோர் சிடா இன்ஃபோ சேர்விஸ் தொலைபேசிக்கு அழைக்கலாம்: 0800 840 800. அழைப்பு இலவசம். தொலைபேசிக் கட்டண விபரத்திலும் இந்த இலக்கம் தெரியாது.